பியானோ வகுப்பு: பணம் கட்டுமுன் கவனிக்க வேண்டியவை

கேள்வி: எங்கள் பகுதியில் இரண்டு பேர் வீட்டில் வைத்துப் பியானோ சொல்லித் தருகிறார்கள். ஒருவர் கேட்கும் கட்டணம் மற்றவர் கேட்பதைப் போல இரண்டு மடங்கு. 8 வயது மகளை யாரிடம் சேர்ப்பது?

பதில்: முதலில் இரண்டு கட்டணத்தையும் ஒரே அளவுகோலுக்குக் கொண்டு வாருங்கள். ஒரு வகுப்பு எத்தனை நிமிடம், மாதத்துக்கு எத்தனை வகுப்பு, ஐந்து வாரம் வரும் மாதத்தில் ஐந்தாவது வகுப்பு உண்டா என்று கேளுங்கள். கேட்க மறக்கக் கூடாதது இன்னொன்று: அந்த நேரத்தில் வேறு பிள்ளைகளும் இருப்பார்களா? ‘தனி வகுப்பு’ என்று சொல்லிவிட்டு, மூன்று பிள்ளைகளை மூன்று கீபோர்டில் ஹெட்போனோடு உட்கார வைத்து, ஆசிரியர் மாறி மாறிப் போய்ப் பார்ப்பதும் நடக்கிறது. 60 நிமிடம் என்பது அங்கே 20 நிமிடம்தான். 8 வயதில் தொடங்கும் குழந்தைக்கு முழுக் கவனத்தோடு 30 நிமிடம் போதும். 45 நிமிடத்துக்கு ஓரிரு வருடம் கழித்து மாறலாம்.

ஆனால் நிமிடக் கணக்கைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. ஆசிரியர் வாரத்தில் அரை மணி நேரம்தான் குழந்தையைப் பார்க்கிறார். வீட்டில் ஐந்து நாள், நாளுக்கு 20 நிமிடம் பழகினால் 100 நிமிடம். விரல் பழகுவது அந்த 100 நிமிடத்தில்தான். ஆகவே அவர் வாரத்துக்கு என்ன எழுதிக் கொடுக்கிறார் என்று பாருங்கள். இப்போது படிக்கும் ஒரு மாணவரின் குறிப்பேட்டைக் காட்டச் சொல்லலாம், தவறில்லை. ‘இந்தப் பாட்டை நன்றாகப் பழகி வரவும்’ என்று மட்டும் இருந்தால், குழந்தை தினமும் முதலிலிருந்து கடைசிவரை வாசிக்கும், தினமும் அதே இடத்தில் தடுமாறும். தடுமாற்றமும் சேர்ந்தே மனப்பாடமாகிவிடும். ‘5 முதல் 8ஆம் பார் (கோடு பிரிக்கும் தாளப் பகுதி) வரை, இடது கை மட்டும், மெட்ரோனோம் (தாள வேகம் தட்டும் கருவி) 60, ஐந்து முறை, பிறகு இரண்டு கையும்’ என்று இருந்தால், அவர் இரண்டு மடங்கு கேட்டாலும் உங்களுக்கு மலிவுதான். இருவருமே இப்படி எழுதிக் கொடுப்பவர்கள் என்றால் கட்டணம் குறைவானவரிடம் தாராளமாகச் சேருங்கள்.

கேள்வி: முதலில் ஒரு சோதனை வகுப்புக்கு வரச் சொல்கிறார்கள், அதற்கும் பணம் கேட்கிறார்கள். எனக்குச் சங்கீதம் தெரியாது. உட்கார்ந்து எதைப் பார்ப்பது?

பதில்: அவருடைய நேரத்துக்குப் பணம் கேட்பது நியாயம். கொடுத்துவிட்டு, கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். சங்கீதம் தெரியாதவருக்கும் தெரியக்கூடிய அடையாளங்கள் உண்டு.

குழந்தை உட்கார்ந்ததும் ஆசிரியர் இருக்கையைத் தொடுகிறாரா? முழங்கை, விரலால் அழுத்தும் கட்டைகளின் மட்டத்துக்கு வர வேண்டும், அல்லது மிகச் சற்றே மேலே இருக்கலாம். கால் தொங்கினால் அடியில் ஒரு பலகையோ பெட்டியோ வைக்க வேண்டும். கால் ஊன்றாத குழந்தை தோளை இறுக்கிக்கொண்டுதான் வாசிக்கும். பின்னாளில் வரும் மணிக்கட்டு வலிக்குப் பல நேரம் இதுதான் ஆரம்பம். பெரியவர்கள் உட்காரும் உயரத்திலேயே குழந்தையை உட்கார வைத்துப் பாடத்தைத் தொடங்கிவிடும் ஆசிரியர் மற்றதிலும் அப்படித்தான் இருப்பார்.

அடுத்து, தவறு வரும்போது என்ன சொல்கிறார் என்று கேளுங்கள். ‘மறுபடி வாசி’ என்பதை யாரும் சொல்லலாம். ஏன் தவறியது என்று கண்டுபிடிப்பதற்குத்தான் அவருக்குப் பணம். ஓர் உதாரணம்: பியானோவில் இரு கைக்கும் கட்டைவிரல் 1, சுண்டுவிரல் 5. வலது கையால் சி மேஜர் ஸ்கேல் (சி-யில் தொடங்கும் சுர வரிசை) ஏறும்போது 1, 2, 3 ஆன பிறகு, நான்காவது சுரத்துக்கு 4ஆம் விரல் வராது. கட்டைவிரல் உள்ளங்கைக்கு அடியில் நுழைந்து மறுபடி 1 ஆக வேண்டும். சுரம் எட்டு, விரல் ஐந்து. இங்கே நுழையாவிட்டால் மேலே போய் விரல் தீர்ந்துவிடும். குழந்தை மேலே போய் நிற்கும்போது, நல்ல ஆசிரியர் நின்ற இடத்தைத் திருத்த மாட்டார். கட்டைவிரல் நுழைந்திருக்க வேண்டிய இடத்துக்குத் திரும்பிப் போவார்.

வகுப்பில் பாதி நேரத்துக்கு மேல் குழந்தையின் கைதான் கட்டையில் இருக்க வேண்டும். ஆசிரியர் தாமே அழகாக வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தால் அது கச்சேரி. கட்டைகளில் எழுத்து ஸ்டிக்கர் ஒட்டுவது முதல் ஓரிரு வாரத்துக்குச் சரி. ஆறு மாதமாகப் படிக்கும் பிள்ளையின் பியானோவிலும் ஸ்டிக்கர் இருந்தால், அங்கே நோட்ஸ் (தாளில் எழுதிய இசைக்குறிப்பு) படிக்கக் கற்றுத் தரவில்லை என்று பொருள்.

சான்றிதழைக் கேளுங்கள், ஆனால் அதையே நம்பிவிட வேண்டாம். கிரேடு 8 (இசைத் தேர்வுகளின் எட்டாம் நிலை) முடித்தவர் என்பது அவருடைய வாசிப்பைப் பற்றியது. கற்பிக்கும் திறனுக்கு அது அத்தாட்சி அல்ல. அவரிடம் இரண்டு வருடத்துக்கு மேல் தொடரும் பிள்ளைகளின் பெற்றோர் ஓரிருவரிடம் பேசுங்கள். பெற்றோர் அறைக்குள் வரவே கூடாது என்பவரிடம் சிறு குழந்தையைச் சேர்க்காதீர்கள். அவர் எவ்வளவு பெரிய கலைஞராக இருந்தாலும் சரி.

கேள்வி: ஒரு வருடக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டினால் 20 சதவீதம் தள்ளுபடி என்கிறார் ஆசிரியர். கட்டலாமா?

பதில்: வேண்டாம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 12 மாதத்துக்கு 20 சதவீதம் குறைத்தால் நீங்கள் கொடுப்பது 9.6 மாதத்துக்கான பணம். ஒன்பதாவது மாதத்துக்குள் வகுப்பு நின்றால் நஷ்டம் உங்களுக்குத்தான். புதிதாகச் சேரும் குழந்தைக்கு ஆர்வம் போகலாம், ஆசிரியர் வீடு மாற்றலாம். தொடக்கத்தில் மாதக் கட்டணம். மனம் நிலைத்த பிறகு 10 அல்லது 12 வாரத் தவணை. அதற்கு மேல் முன்பணம் தேவையில்லை.

எந்த முறையானாலும் அரைப் பக்கத்துக்கு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப் செய்தியாக இருந்தாலும் போதும். எத்தனை வகுப்புக்கு எவ்வளவு பணம், ஆசிரியர் வராவிட்டால் ஈடு வகுப்பா அல்லது அடுத்த தவணையில் கழிவா, நீங்கள் வர முடியாவிட்டால் எத்தனை மணி நேரத்துக்கு முன் சொல்ல வேண்டும், நிறுத்துவதற்கு எவ்வளவு நாள் முன்னறிவிப்பு, புத்தகம், தேர்வு, ஆண்டு நிகழ்ச்சி ஆகியவற்றுக்குத் தனிப் பணம் உண்டா — இவ்வளவும் அதில் இருக்க வேண்டும். சண்டை பெரும்பாலும் வருவது கடைசி விஷயத்தில்தான். நிகழ்ச்சிக்கு இரண்டு வாரம் முன்பு அரங்க வாடகைப் பங்கு என்று ஒரு தொகை வந்து நிற்கும்.

ஆசிரியர் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறோம். செவ்வாய் மாலை 5 மணி உங்களுக்கு என்று ஒதுக்கிவிட்டால், அந்த நேரத்தை அவர் வேறு யாருக்கும் கொடுக்க முடியாது. காலையில் காய்ச்சல் என்று சொன்னால் அந்த வகுப்பின் பணம் போகும் என்பது பொதுவான நடைமுறை. 24 மணி நேரம் முன்பு சொன்னால் ஈடு வகுப்பு கேட்கலாம். அவரே நடுவில் நிறுத்தினால் கதை வேறு. 12 வகுப்புக்குப் பணம் வாங்கி 5 நடத்தியிருந்தால், 12இல் 7 பங்கு திரும்ப வர வேண்டும். அதற்காகத்தான் ரசீதும், நடந்த வகுப்புகளின் தேதிக் குறிப்பும்.

கேள்வி: வீட்டில் 61 கட்டை கீபோர்டு இருக்கிறது. அது உதவாது, பியானோ வாங்குங்கள் என்று ஆசிரியர் வற்புறுத்துகிறார். கமிஷனுக்காகவா?

பதில்: சொல்லும் விஷயம் உண்மை; அவசரம்தான் சந்தேகத்துக்குரியது. அழுத்தினால் சத்தம் கூடி, மெல்லத் தொட்டால் குறையும் கீபோர்டு என்றால் முதல் ஆறு மாதம் ஓட்டலாம். எப்படித் தொட்டாலும் ஒரே சத்தம் வருவது என்றால் இப்போதே போதாது. பியானோவில் ஒவ்வொரு கட்டையும் ஒரு சுத்தியலை எறிந்து கம்பியை அடிக்கிறது. அந்தக் கனத்துக்கு விரல் பழக வேண்டும். லேசான ஸ்பிரிங் கட்டையில் பழகிய குழந்தை ஆசிரியர் வீட்டுப் பியானோவில் வாசித்தால் பாதி சுரங்கள் கேட்காது. ‘வீட்டில் நன்றாக வாசித்தாளே’ என்று நீங்கள் சொல்வதும் உண்மையாகவே இருக்கும்.

டிஜிட்டல் பியானோ வாங்கினால் பார்க்க வேண்டியவை: 88 கட்டை, சுத்தியல் போன்ற எடை கொண்ட அமைப்பு, சஸ்டெயின் பெடல் (அழுத்தினால் சுரம் நீண்டு ஒலிக்கும் மிதி), ஆடாத ஸ்டாண்ட். வெள்ளைக் கட்டையின் மேற்பரப்பு தரையிலிருந்து சுமார் 72 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். சாப்பாட்டு மேசையில் வைத்தால் அதைத் தாண்டிவிடும். ஒரே நேரத்தில் ஒலிக்கும் சுரங்களின் எண்ணிக்கை குறைந்தது 64 இருக்கட்டும்; 32 மட்டும் என்றால் பெடலை அழுத்தி வாசிக்கும்போது பழைய சுரங்கள் அறுந்து போகும். 500 விதமான ஒலி, 200 தாளம் என்று கடையில் சொல்வதற்கெல்லாம் காசு கொடுக்காதீர்கள்.

பழைய கம்பிப் பியானோ வாங்குவதானால், விற்பவரும் அல்லாத, பரிந்துரைத்தவரும் அல்லாத ஒரு டியூனரை (சுருதி சேர்ப்பவரை) கூலி கொடுத்து அழைத்துப் போங்கள். உள்ளே ஏறத்தாழ 230 கம்பிகள், மொத்தமாகப் பல டன் இழுவிசையில் நிற்கின்றன. அவற்றைப் பிடித்திருக்கும் ஆணிகள் தளர்ந்திருந்தால் எத்தனை முறை டியூன் செய்தாலும் நிற்காது. அந்தப் பியானோ இனி உதவாது. கம்பித் துரு, ஒலிப்பலகை விரிசல், சுத்தியல் கம்பளியில் ஆழமான பள்ளம், பூச்சி அரிப்பு ஆகியவற்றையும் அவர் பார்ப்பார். பல வருடம் டியூன் செய்யாதது என்றால் சுருதி இறங்கியிருக்கும். முதலில் மொத்தமாக மேலே ஏற்றி, பிறகு நுட்பமாக டியூன் செய்து, சில வாரத்தில் மறுபடி ஒருமுறை சரிசெய்ய வேண்டியிருக்கும். அதன் பிறகும் வருடத்துக்கு இரண்டு முறை. உறவினர் ‘சும்மா எடுத்துக்கொள்’ என்று தரும் பியானோவுக்கும் தூக்குகூலி, டியூனிங், பழுது எல்லாம் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

கமிஷன் சந்தேகம் இருந்தால் நேராகவே கேட்கலாம். இன்ன கடையில் இன்ன மாடல்தான் என்று பிடிவாதம் பிடித்தால் பதில் உங்களுக்கே தெரிந்துவிடும்.

கேள்வி: ஒரு வருடமாகத் தேர்வுக்கான மூன்று பாட்டுகளையே மகன் வாசிக்கிறான். கிரேடு 1, 2, 3 என்று வரிசையாக எழுதியே ஆக வேண்டும் என்கிறார் ஆசிரியர். அப்படி விதி உண்டா?

பதில்: இல்லை. ஏபிஆர்எஸ்எம் என்ற இங்கிலாந்து இசைத் தேர்வு வாரியத்தின் தேர்வில் முந்தைய கிரேடு எழுதாமலேயே எந்த கிரேடுக்கும் போகலாம். கிரேடு 6 முதல் மட்டும், கிரேடு 5 தியரி (இசைக் கோட்பாட்டுத் தேர்வு) அல்லது அதற்கு ஈடாக அவர்கள் ஏற்கும் ஒன்று வேண்டும். டிரினிட்டி காலேஜ் லண்டன் என்ற இன்னொரு தேர்வு வாரியத்தில் அந்தத் தியரி நிபந்தனையும் இல்லை.

மூன்று பாட்டு மட்டும் பழகுவது கணக்குப்படியும் உதவாது. ஏபிஆர்எஸ்எம் நேர்முகத் தேர்வில் மொத்தம் 150 மதிப்பெண். மூன்று பாட்டுக்கு 30 வீதம் 90. ஸ்கேலுக்கு 21, பார்த்தவுடன் வாசிப்பதற்கு 21, கேட்டறியும் சோதனைக்கு 18. தேற 100 வேண்டும். மூன்று பாட்டிலும் முழு மதிப்பெண் வாங்கினாலும் தேற முடியாது! நான்கு பாட்டுகளை வாசித்து வீடியோ அனுப்பும் பெர்ஃபாமன்ஸ் கிரேடு என்ற வகையில் ஸ்கேலும் பார்த்து வாசிப்பதும் இல்லை. உங்கள் மகனை எதற்குத் தயார் செய்கிறார் என்று முதலில் கேளுங்கள். எதுவானாலும், தேர்வுப் பாட்டோடு மாதம் ஒன்றிரண்டு எளிய புதிய பாட்டுகளும் நடக்க வேண்டும். இல்லையென்றால் கிரேடு 3 சான்றிதழ் கையில் இருக்கும், கிரேடு 1 நோட்ஸை வைத்தால் பையன் விழிப்பான்.

கேள்வி: ஆசிரியரை மாற்ற நினைக்கிறோம். எப்போது, எப்படி?

பதில்: பேசிக்கொண்ட முன்னறிவிப்புக் காலத்தைக் கொடுத்து, எழுத்தில் சொல்லுங்கள், காரணம் விளக்க வேண்டிய கட்டாயம் இல்லை. விரல் எண்கள் குறித்த நோட்ஸ் புத்தகங்கள், குறிப்பேடு, முடித்த பாட்டுகளின் பட்டியல் ஆகியவற்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்; இல்லையென்றால் புதியவர் எங்கிருந்து தொடங்குவது என்று தேடவே ஒரு மாதம் போய்விடும். தேர்வுக்குப் பழைய ஆசிரியர் பதிவு செய்திருந்தால், முடிவு அவருக்குத்தான் வரும். எனவே தேர்வு முடிந்து சான்றிதழ் கைக்கு வந்த பிறகு மாறுவது நல்லது. அதற்குமுன் மாற வேண்டியிருந்தால், பதிவு ரசீதின் நகலையாவது கையில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.