கடைசி எழுத்து மட்டும் ஏன் சின்னது?

வணக்கம் ஐயா,

நான் சுங்கை சிப்புட்டில் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் ஆங்கிலப் பயிற்சி நோட்டில் 'இலெவன்' என்ற சொல்லை எழுதியிருந்தான். ஐந்து எழுத்து பெரிய எழுத்து, கடைசி 'என்' மட்டும் சின்ன எழுத்து. சிவப்புப் பேனாவால் சுழித்தேன். "டவுன்ல செவன் இலெவன் போர்டுல அப்படித்தானே இருக்கு டீச்சர்" என்றான். சாயங்காலம் போய்ப் பார்த்தேன். அவன் சொன்னது சரி. இத்தனை வருடம் அந்தக் கடையைத் தாண்டிப் போயும் என் கண்ணில் பட்டதில்லை. அது பிழையா, வேண்டுமென்றே செய்ததா? பையனுக்கு என்ன பதில் சொல்வது?

அன்புள்ள டீச்சர்,

முதலில் அந்தப் பையனை நான் பாராட்டியதாகச் சொல்லுங்கள். பிழை இல்லை, யோசித்து வைத்ததுதான்.

அந்தச் சொல்லை முழுக்கப் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். ஈ, எல், வீ, என் என்று நான்கே எழுத்துதான் திரும்பத் திரும்ப வருகிறது. நான்கிலும் ஒரு வளைவுகூடக் கிடையாது. எல்லாம் நேர்க்கோடும் மூலையும்தான், வேலி மாதிரி நிற்கும். கடைசியில் சின்ன 'என்'னைப் போடுங்கள். கோடு ஏறி, வளைந்து, இறங்குகிறது. முழுச் சொல்லிலும் இருக்கிற ஒரே வளைவு அது. 1960களில் நிறுவனத்தின் தலைவராக இருந்தவர் ஜான் தாம்சன். எல்லாம் பெரிய எழுத்தாக இருப்பது கொஞ்சம் கடுமையாகத் தெரிகிறது, கடைசி எழுத்தைச் சின்னதாக்கினால் நளினமாக இருக்கும் என்று அவருடைய மனைவி சொன்னதாக நிறுவனமே சொல்கிறது. தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பேதமே இல்லை. சுழியும் வளைவுமாக எழுதிப் பழகிய நம் கைக்கு அந்த அம்மா சொன்னது உடனே புரியும் என்று நினைக்கிறேன்.

பெயருக்கு வருகிறேன். 1927இல் அமெரிக்காவின் டாலஸ் நகரத்தில் இது ஓர் ஐஸ் கம்பெனி. வீடுகளில் ஐஸ்பெட்டி குளிர ஐஸ்கட்டி வாங்கியாக வேண்டிய காலம். ஐஸ் விற்ற ஊழியர் ஒருவர் கூடவே பால், ரொட்டி, முட்டையும் வைத்து விற்றார், மளிகைக் கடைகள் அடைத்த பிறகும், ஞாயிற்றுக்கிழமையும். வியாபாரம் பிடித்துக்கொண்டது. கொஞ்ச காலம் கடைகளுக்கு 'டோட்டம்' என்று பெயர். வாசலில் அலாஸ்கா பழங்குடிகளின் மரத்தூணை நட்டு வைத்தார்கள். 1946இல்தான் செவன் இலெவன் ஆனது. காலை 7 மணிக்குத் திறப்போம், இரவு 11 மணிக்கு அடைப்போம், அவ்வளவுதான் பெயரின் பொருள்.

இந்த இடத்தில் எனக்கு எங்கள் தோட்டத்துக் கடை ஞாபகம் வந்துவிடுகிறது. முன்பக்கம் முழுக்கச் செங்குத்தான மரப்பலகைகள்தான் கதவு. இடம் மாறிப் போகாமல் இருக்க ஒவ்வொரு பலகையின் உள்பக்கமும் ஓர் எண் எழுதியிருக்கும். காலையில் கடைக்காரர் ஒவ்வொன்றாகக் கழற்றிச் சுவரில் சாய்க்கிற 'டக் டக்' சத்தம் தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருந்த லயம் வரைக்கும் கேட்கும். அதைக் கேட்டதும் அம்மா என் கையில் 555 நோட்டைக் கொடுத்து அனுப்புவார். சட்டைப் பைக்குள் அடங்குகிற அந்தக் கடன் நோட்டில் சீனி, மண்ணெண்ணெய், நெத்திலி எல்லாம் பென்சிலில் ஏறும். கடை திறந்துவிட்டது என்பதை எங்களுக்குச் சொன்னது பலகைச் சத்தம். டாலஸ்காரர்கள் அந்த வேலையைக் கடையின் பெயருக்கே கொடுத்துவிட்டார்கள். எனக்கு அந்தப் பெயர் பிடித்திருப்பதற்குக் காரணம் இதுதான். வேலை முடிந்து களைத்து வருகிற ஆளுக்கு முதலில் தெரிய வேண்டியது கடை திறந்திருக்கிறதா என்பது.

1963இல் டெக்சஸின் ஆஸ்டின் நகரில் ஒரு கிளை விடிய விடியத் திறந்திருந்தது. அதற்கப்புறம் 24 மணி நேரக் கடைகள் பெருகின. பெயர் சொல்கிற நேரம் பொருந்தாமல் போனது, ஆனாலும் பெயரை மாற்றவில்லை. மலேசியாவுக்கு 1984இல் வந்தது. முதல் கடை கோலாலம்பூர் புக்கிட் பிந்தாங் சாலையில்.

நிறத்தையும் பையனுக்குக் காட்டுங்கள். 7இன் மேல்கோடு ஆரஞ்சு, கீழே இறங்கும் கால் சிவப்பு, கூடவே பச்சை. ஜப்பானில் 2017இல், எழுத்து எதுவும் இல்லாமல் கடை முகப்பின் நிறப்பட்டைகளையே வணிக முத்திரையாகப் பதிவு செய்து கொடுத்தார்கள். நிறத்துக்கு மட்டும் அந்த நாட்டில் கிடைத்த முதல் பதிவுகளில் அதுவும் ஒன்று. எழுத்துக் கூட்டத் தெரியாத குழந்தைகூடத் தூரத்திலிருந்தே அந்தக் கடையைக் காட்டிவிடும், இல்லையா?

சரி, நோட்டு விஷயம். உங்கள் சிவப்புச் சுழி இருக்கட்டும். பரீட்சையில் அப்படி எழுதினால் மதிப்பெண் போய்விடும், அது அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பக்கத்திலேயே 'நன்றாகக் கவனித்திருக்கிறாய்' என்று ஒரு வரி எழுதிக் கொடுங்கள்.

அப்புறம் எனக்காக ஒன்று. டவுனில் கையால் எழுதிய பழைய பெயர்ப்பலகைகள் மிச்சம் இருந்தால், மலாய், சீனம், தமிழ் மூன்றும் இருப்பவையாகப் பார்த்து, அவனை நோட்டில் வரைந்து வரச் சொல்லுங்கள். சாயம் உதிர்ந்த எழுத்தையும் விட வேண்டாம். வரைந்ததைப் படம் பிடித்து அனுப்பினால் அடுத்த கடிதத்தில் அவற்றைப் பற்றிப் பேசுவோம்.

அன்புடன்.