மாறுகண்: பள்ளிக்கூடம் சேரும்வரை பொறுக்கலாமா?

கேள்வி: மகளுக்கு மூன்றரை வயது. களைத்துப்போனால் இடது கண் மூக்குப் பக்கம் ஒதுங்குகிறது. “மாறுகண் அதிர்ஷ்டம், பள்ளிக்கூடம் சேர்ந்தால் சரியாகிவிடும்” என்கிறார் மாமியார். பொறுத்துப் பார்க்கலாமா? (வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்)

பதில்: வேண்டாம். பிறந்து மூன்று நான்கு மாதம் வரை கண் அவ்வப்போது விலகுவது சகஜம். மூன்றரை வயதில் அப்படி விட முடியாது.

ஒரு கண் விலகினால் மூளைக்கு இரண்டு வேறு காட்சிகள் போகும். குழப்பம் வேண்டாமென்று அது ஒன்றை ஒதுக்கிவிடும். நாளடைவில் அந்தக் கண்ணுக்கான நரம்பிணைப்புகள் நல்ல கண்ணின் வசம் போய்விடும். கண்ணில் கோளாறே இருக்காது, பார்வை மட்டும் வளராது. ‘சோம்பேறிக் கண்’ என்பது இதுதான்.

டேவிட் ஹூபெல், டார்ஸ்டன் வீசல் என்ற இரண்டு விஞ்ஞானிகள் 1960-களில் பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணை மூடிவைத்துப் பார்த்தார்கள். திறந்தபோது விழித்திரை நன்றாகவே இருந்தது. மூளையிலோ அந்தக் கண்ணுக்குப் பதில் சொல்லும் செல்கள் அநேகமாக இல்லை. வளர்ந்த பூனைக்கு அப்படி ஆகவில்லை. எனக்கு இன்றும் வியப்பு, இரண்டு கண்ணையும் மூடிய குட்டிகளுக்கு இந்த அளவு இழப்பு இல்லை என்பதுதான். அதாவது வெளிச்சம் போகாதது மட்டுமல்ல, பக்கத்துக் கண்ணோடு நடக்கும் இடப்போட்டியும் காரணம். 1981-இல் இருவரும் நோபல் பரிசில் பங்கு பெற்றார்கள்.

சிகிச்சை அந்தப் போட்டியைத் திருப்பிவிடுவதுதான். முதலில் கண்ணாடி, உள்பக்கம் திரும்பும் மாறுகண் சிலருக்குக் கண்ணாடியிலேயே நேராகிவிடும். பார்வை குறைந்திருந்தால் நல்ல கண்ணை பேட்ச் ஒட்டி மூடுவோம். மிதமான குறைக்கு தினம் 2 மணி நேரமே 6 மணி நேரத்துக்குச் சமமான பலன் தருகிறது என்று 2003-இல் வந்த ஆய்வு காட்டியது. பேட்சைத் தோலிலேயே ஒட்டுங்கள். கண்ணாடிமேல் ஒட்டினால் பிள்ளை ஓரமாக எட்டிப் பார்த்துவிடும். அந்த நேரத்தில் பாசி கோக்கட்டும், படம் வரையட்டும். அறுவைச் சிகிச்சை கண்ணை நேராக்கும், பார்வையைத் தானாகக் கொண்டுவராது. ஏழு வயதுக்குள் தொடங்கினால் பலன் அதிகம். அதற்குப் பிறகும் முயலலாம்தான், உழைப்பு கூடும்.

வீட்டில் ஒவ்வொரு கண்ணாக மூடிப் பாருங்கள். வலது கண்ணை மூடும்போது மட்டும் கையைத் தட்டிவிட்டால் இடது கண் மங்கல் என்று சந்தேகிக்கலாம். தட்டிவிடாவிட்டாலும் பரிசோதனை அவசியம். கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனையில் கண் பிரிவு உண்டு. புதுச்சேரி போகிற வழியில் தவளக்குப்பத்தில் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. பரிசோதனைக்காகச் சொட்டுமருந்து போட்டால் வெளிச்சம் கூசும், தொப்பி எடுத்துக்கொள்ளுங்கள். மாமியாரையும் அழைத்துப் போங்கள், பேட்ச் ஒட்டும் வேலை கடைசியில் பாட்டியிடம்தான் வந்து சேரும்.

அப்புறம், பிளாஷ் போட்டு எடுத்த போட்டோவில் கண்ணின் கருமணி நடுவே வெள்ளையாகத் தெரிந்தால் அன்றே போய்விடுங்கள். அது வேறு ஆபத்தின் அறிகுறியாக இருக்கலாம்.