சஸ்பென்ஷன் மாற்றிய பிறகு வண்டி ஒருபக்கம் சாய்கிறதா?

கேள்வி: முன்பக்க ஷாக் அப்சார்பர் இரண்டையும் புதிதாகப் போட்டேன். இப்போது இடது பக்கம் இரண்டு விரல் அளவு தாழ்ந்து நிற்கிறது. கிடைத்தது போலி ஷாக்கா?

பதில்: ஷாக்கைச் சந்தேகப்படுவதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். வண்டியின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். ஷாக் அதன் ஆட்டத்தை அடக்குவதோடு சரி. கேஸ் நிரப்பிய ஷாக் சில மில்லிமீட்டர் தூக்கிக் கொடுக்கலாம், அவ்வளவுதான்.

முதலில் ஒழுங்காக அளங்கள். சமதரை, நான்கு டயரிலும் சரியான காற்று, டிக்கி காலி. வண்டியை முன்னும் பின்னும் சிறிது உருட்டி நிறுத்தி, சக்கரத்தின் நடுவிலிருந்து நேர்மேலே மட்கார்டு விளிம்பு வரை டேப் பிடியுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயர் தேய்மானமும் கணக்கில் சேர்ந்துவிடும். வித்தியாசம் அப்போதும் இருந்தால் ஸ்பிரிங் உட்கார்ந்த விதத்தைப் பாருங்கள். அதன் கீழ்நுனி சீட்டில் (ஸ்பிரிங் உட்காரும் தட்டில்) உள்ள பள்ளத்தில் இறங்கி, படியில் முட்டி நிற்க வேண்டும். பள்ளத்தை விட்டு ஏறியிருந்தால் அந்தப் பக்கம் உயர்ந்துவிடும். தாழ்ந்ததாகத் தெரிகிற உங்கள் இடது பக்கம் சரியாகவே இருந்து, வலது பக்கம் உயர்ந்திருக்கவும் கூடும். மேலேயுள்ள ரப்பர் சீட்டைப் போட மறந்திருந்தால் அந்தப் பக்கம் தாழும். ஸ்பிரிங்கைக் கழற்றுவதாக இருந்தால் அதை அமுக்கிப் பிடிக்கும் கம்ப்ரசர் இல்லாமல் கை வைக்காதீர்கள். அழுத்தத்தோடு விடுபட்டால் ஆளையே அடித்துவிடும்.

கேள்வி: பின்பக்கம் வலதுபுறம் தாழ்ந்திருந்தது. பின் ஸ்பிரிங் இரண்டையும் மாற்றியும் அப்படியேதான் இருக்கிறது.

பதில்: பலரும் பணத்தை விடுகிற இடம் இதுதான். கார் பாடி விறைப்பானது. முன் இடது மூலை உயர்ந்தால் எதிர்மூலையான பின் வலது அமுங்கும், நாலு கால் மேசையில் ஒரு காலுக்கு அட்டை வைத்த மாதிரி. தாழ்ந்த மூலையிலேயே கோளாறு இருக்கும் என்று நம்பி வாங்கிய ஸ்பிரிங் வீண்.

கண்டுபிடிக்க வழி இருக்கிறது. பின் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, முன்பக்கம் நடுவில் ஜாக் போட இடம் உண்டென்று உங்கள் வண்டியின் கையேடு சொன்னால், அங்கே ஜாக் கொடுத்து முன் சக்கரங்கள் தரையை விடும்வரை தூக்குங்கள். வண்டிக்கு அடியில் போக வேண்டாம், வெளியில் நின்று அளந்தால் போதும். முன்பக்கம் இப்போது ஒரே புள்ளியில் நிற்பதால் முன் ஸ்பிரிங்குகள் பாடியைச் சாய்க்க முடியாது. பின்பக்கம் சமமாகிவிட்டால் குற்றவாளி முன்னால் இருக்கிறது. சாய்வு மாறவில்லையென்றால் பின்பக்கமே, அல்லது பாடி அடிவாங்கியிருக்கிறது.

அப்புறம், ஸ்டெபிலைசர் பாரின் (வளைவில் சாய்வைக் குறைக்க இரண்டு பக்கத்தையும் இணைக்கும் கம்பியின்) முனையிலுள்ள லிங்க் ஒன்றைக் கழற்றிப் பாருங்கள். சாய்வு போய்விட்டால் பார் வளைந்திருக்கிறது, அல்லது இரண்டு லிங்கும் ஒரே நீளமில்லை.

கேள்வி: லோயர் ஆர்ம் (சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் கீழ்க்கை) மாற்றியதிலிருந்து அந்தப் பக்கம் உயரமாகவும் முரடாகவும் இருக்கிறது.

பதில்: சக்கரம் தொங்கும்போதே ஆர்மின் போல்ட்டை முறுக்கியிருப்பார்கள். ஆர்மின் மூட்டிலுள்ள புஷ்ஷின் ரப்பர் இரும்போடு ஒட்டியது, அது சுழலாது, முறுகும். தொங்கிய நிலையில் இறுக்கினால் வண்டி இறங்கியதும் ரப்பர் முறுகி, ஆர்மைக் கீழ்நோக்கித் தள்ளிப் பாடியைத் தூக்கிப் பிடிக்கும். சீக்கிரம் கிழியவும் செய்யும். வண்டியின் எடை சக்கரத்தில் இருக்கும்போது போல்ட்டைத் தளர்த்தி, நாலுமுறை அமுக்கிவிட்டு, கையேட்டில் உள்ள டார்க்கில் (இறுக்க அளவில்) இறுக்கச் சொல்லுங்கள். செலவில்லாத வேலை என்பதால் எந்தச் சாய்வுக்கும் இதை முதலில் செய்து பார்க்கலாம்.

கேள்வி: புது ஸ்பிரிங் இரண்டிலும் வேறுவேறு நிறக் கோடுகள் இருக்கின்றன. பரவாயில்லையா?

பதில்: அந்தக் கோடுகள் பெரும்பாலும் தாங்குதிறனைக் குறிப்பவை. சில வண்டிகளில் இடது, வலது ஸ்பிரிங்குகளின் பாகஎண்ணே வேறு. எண்ணைச் சரிபாருங்கள், இடம் மாறியிருக்கலாம்.

கேள்வி: பிக்கப்பில் லீஃப் ஸ்பிரிங் (பட்டைகளை அடுக்கிச் செய்த ஸ்பிரிங்) செட் மாற்றினோம். வலது பக்கம் தாழ்வு.

பதில்: இரண்டு பக்கமும் ஒரே வகை என்றால் செட்டை இடம் மாற்றிப் போடுங்கள். சாய்வும் கூடவே மாறினால் கோளாறு ஸ்பிரிங்கில். மாறாவிட்டால் ஷேக்கிள் (ஸ்பிரிங்கின் முனையைச் சேஸிஸோடு இணைக்கும் துண்டு), சேஸிஸ் பக்கம் போங்கள். பட்டைகளை நடுவில் சேர்த்துப் பிடிக்கும் சென்டர் போல்ட்டின் தலை, ஆக்சிலில் ஸ்பிரிங் உட்காரும் பேடின் ஓட்டையில் உட்கார்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் ஆக்சிலே கோணலாகும். ஸ்பிரிங்கை ஆக்சிலோடு கட்டும் யூ போல்ட்டைக் கொஞ்சம் ஓடிய பிறகு மறுபடி இறுக்குவது கட்டாயம்.

கேள்வி: தாழ்ந்த பக்கத்து ஸ்பிரிங் சுருள்களுக்கு நடுவே ரப்பர் கட்டை வைக்கலாமா?

பதில்: வேண்டாம். சில சுருள்கள் வேலை செய்யாமல் போய், மீதிச் சுருள்கள் சுமையை வாங்கி உடையும். மெர்சிடிஸ் பென்ஸ் போன்ற சில நிறுவனங்கள் தங்கள் சில மாடல்களுக்கு வேறுவேறு தடிமனில் ஸ்பிரிங் பேட் தருகின்றன. அது வேறு விஷயம், ஸ்பிரிங்கின் நுனியில் வைப்பது.

கேள்வி: ஓட்ட ஓட்டச் சரியாகிவிடும் என்கிறார் மெக்கானிக். அலைன்மென்ட் பார்த்தால் போதும் என்கிறார் இன்னொருவர்.

பதில்: புது ஸ்பிரிங் சில மில்லிமீட்டர் இறங்கும், ஆனால் இரண்டு பக்கமும் சேர்ந்தே இறங்கும். அலைன்மென்ட் சக்கரத்தின் கோணத்தைத்தான் திருத்தும். உயரத்தைச் சரிசெய்த பிறகு அதைப் பாருங்கள், ஹெட்லைட் கோணத்தையும் அப்போதே சரிபாருங்கள்.