"1492-க்கு முந்தைய லடினோ மெட்டு" விற்கிறார்கள், வாங்கலாமா?

கேள்வி: நடன ஆய்வு மாணவி நான். பழைய யூத நடனமும், ஸ்பெயின் யூதர் வழிவந்தவர்கள் பேசும் ஸ்பானியச் சாயல் மொழியான லடினோவின் பாட்டும் என் தலைப்பு. 1492-க்கு முன் ஸ்பெயினில் பாடிய லடினோ பாடலின் அசல் இசைக்குறிப்பு, ஆடும் முறையோடு தன்னிடம் இருப்பதாகச் சொல்லி ஒருவர் பணம் கேட்கிறார். நம்பலாமா?

பதில்: ஒரு பைசா கொடுக்காதீர்கள். அப்படி ஒரு குறிப்பு இதுவரை யாருக்கும் கிடைத்ததில்லை. 1492-இல் ஸ்பெயினிலிருந்து விரட்டப்பட்ட யூதர்கள் சலோனிக்கா (இன்றைய கிரேக்கத்தின் தெசலோனிக்கி), இஸ்தான்புல், மொராக்கோ என்று போன இடமெல்லாம் பாட்டை வாய்வழியாகத்தான் கொண்டு போனார்கள். லடினோ தனி மொழியாக உருவெடுத்ததே அதற்குப் பிறகுதான்.

இதில் பலரும் விழும் குழி ஒன்று உண்டு: சொல் பழையது என்றால் மெட்டும் பழையது என்று எண்ணிவிடுவது. சில கதைப்பாடல்களின் வரிகள் 16-ஆம் நூற்றாண்டு ஸ்பானிய அச்சு நூல்களில் உண்மையாகவே இருக்கின்றன. ஆனால் மெட்டு ஊருக்கு ஊர் மாறியது. சிலவற்றில் சொல்லும் புதிது, மெட்டும் புதிது. 'மத்தியகாலப் பாட்டு' என்று இசைத்தட்டு அட்டையில் போட்டு விற்கும் 'அடியோ கெரிடா' என்ற லடினோ பாட்டையும், 1853-இல் அரங்கேறிய இத்தாலிய இசையமைப்பாளர் வெர்டியின் 'லா திராவியாதா' இசை நாடகத்தில் நாயகி கடைசியில் பாடும் விடைபெறும் பாட்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். மெட்டு எவ்வளவு ஒட்டிப்போகிறது என்று உங்கள் காதே சொல்லும்.

1587-இல் கலிலேயாவின் சஃபேத் ஊரில் அச்சான, யூதக் கவிஞர் இஸ்ரேல் நஜாராவின் எபிரேயப் பாடல் தொகுப்பில், பாட்டுக்கு மேலே 'இன்ன பாட்டின் வர்ணமெட்டு' என்று குறித்திருக்கும். ஸ்பானியப் பாட்டும் அதில் வரும், துருக்கியப் பாட்டும் வரும். அன்று மக்கள் வாயில் எது இருந்தது என்பதற்கு அருமையான சான்று. ஆனால் அதில் ஸ்வரம் கிடையாது.

நடனத்தில் மட்டும் ஒரு விதிவிலக்கு. அதைச் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் வியாபாரிகள் பிடித்துத் தொங்குவது இதைத்தான். பெசாரோ ஊர் குல்யெல்மோ எப்ரேயோ 15-ஆம் நூற்றாண்டு இத்தாலிய நடன ஆசிரியர். 'எப்ரேயோ' என்றாலே யூதர். அவருடைய நடன நூலின் 1463-ஆம் ஆண்டுப் பிரதியில் அடவுகளின் விளக்கம் இருக்கிறது, சில ஆட்டங்களுக்கு மெட்டும் இருக்கிறது. எல்லாம் அசல். ஆனால் அவை இத்தாலிய அரசவை ஆட்டங்கள். யூதத் திருமண வீட்டில் ஆடியவை அல்ல. பின்னாளில் அவர் கிறிஸ்தவராகி ஜொவான்னி அம்ப்ரோசியோ ஆனார். ஆசிரியர் யூதர் என்பதால் ஆட்டமும் யூத ஆட்டம் ஆகிவிடாது. ஆய்வேட்டில் இதை அப்படியே எழுதுங்கள்.

சரி, எங்கே தொடங்குவது? 1911-இல் ஸ்பானிய இசையமைப்பாளர் மன்ரீக்கே தே லாரா ஒட்டோமான் (துருக்கிய) பேரரசின் ஊர்களுக்குப் போய்ப் பாட்டும் மெட்டுமாகக் குறித்து வந்தார். அந்தத் தாள்கள் மாட்ரிடில் உள்ளன. ஜெருசலேமில் இஸ்ரேல் தேசிய நூலகத்தின் ஒலிக் காப்பகத்தில் பாட்டிமார் பாடிய பதிவுகளையே கேட்கலாம். தேடும்போது ஒரே பாட்டின் பெயரை நாலு எழுத்துக்கூட்டலில் போட்டுப் பாருங்கள். இத்தனை காலமாகியும் அட்டவணைகளை ஒழுங்குபடுத்த யாருக்கும் மனமில்லை. ஒரு காப்பகத்தில் இரண்டு பக்க நகலுக்கு நான் மூன்று மாதம் காத்திருந்தேன். மாணவர்களை இப்படி அலையவிடுவதால்தான் தரகர்கள் பிழைக்கிறார்கள்.

உங்களிடம் பணம் கேட்டவரிடம் மூன்றே விவரம் கேளுங்கள்: சுவடியின் பெயர், அது இருக்கும் நூலகம், அங்கே அதற்குள்ள எண். எண்ணைத் தந்தால் நூலகத்துக்கே நேராக எழுதிக் கேட்டுவிடுங்கள்.