காட்பாடில இருந்து தினமும் வேலூர் டவுனுக்கு போக சின்ன கார் வாங்கணும், டீசலா பெட்ரோலா?

நீங்க குடுத்த விவரத்தை வச்சே சொல்றேன். வீடு காட்பாடி, ஆபீஸ் வேலூர் டவுன், மாசத்துக்கு எல்லாம் சேத்து 800 கிலோமீட்டர், எப்பவாவது திருப்பதி, ஏலகிரி. உங்களுக்கு பெட்ரோல் தாங்க.

உங்க மாமா "டீசல் வாங்கு, அதான் லாபம்"னு சொல்றாருன்னு எழுதியிருக்கீங்க. அவர் சொல்றது ஒரு காலத்துல நூத்துக்கு நூறு சரி. 2012 வாக்குல பெட்ரோலுக்கும் டீசலுக்கும் லிட்டருக்கு 20 ரூபாய்க்கு மேல வித்தியாசம், அப்போ வேலூர்ல எங்க திரும்பினாலும் டீசல் ஸ்விஃப்ட், டீசல் டிசையர் தான். 2014 அக்டோபர்ல டீசல் விலை மேல இருந்த கட்டுப்பாட்டை அரசாங்கம் எடுத்துட்டாங்க, கொஞ்சம் கொஞ்சமா அந்த வித்தியாசம் சுருங்கி இப்போ 8 ரூபாய் பக்கம் வந்து நிக்குது. அப்புறம் 2020 ஏப்ரல்ல பிஎஸ்6னு புகை கட்டுப்பாட்டு விதி வந்துச்சு (அதுக்கு முந்தினது பிஎஸ்4), மாருதி டீசலையே விட்டுட்டாங்க, மத்தவங்களும் சின்ன கார்ல ஒவ்வொன்னா நிறுத்திட்டாங்க. ஹேட்ச்பேக்ல டீசல் வேணும்னா இப்போ அல்ட்ரோஸ் தான், இல்லன்னா நெக்ஸான், வென்யூ, சோனட்னு ஒரு படி மேல போகணும்.

காசு கணக்கு பாத்துடலாம். பெட்ரோல் லிட்டர் சுமார் 101, டவுன் ஓட்டத்துக்கு 16 மைலேஜ்னு வைங்க (இப்போ பங்க்ல வர்றது 20 சதவீதம் எத்தனால் கலந்தது, மைலேஜ் கொஞ்சம் குறையும், அதையும் சேத்து தான் சொல்றேன்), கிலோமீட்டருக்கு 6 ரூபாய் 30 பைசா ஆகுது. டீசல் 92.50, மைலேஜ் 20, 4 ரூபாய் 60 பைசா. மிச்சம் 1.70. டீசல் வண்டிக்கு நீங்க ஒன்னேகால் லட்சம் கூட குடுத்தா அதை எடுக்கவே 73,000 கிலோமீட்டருக்கு மேல ஓட்டணும், உங்க ஓட்டத்துக்கு ஏழரை வருஷம் தாண்டிடும், சர்வீஸ் செலவு கூட வர்றதை நான் இதுல சேக்கவே இல்ல.

ஆனா காசை விட முக்கியமா நான் பாக்குறது நீங்க எப்படி ஓட்டுறீங்கன்றது. பிஎஸ்6 டீசல்ல டிபிஎஃப்னு ஒரு ஃபில்டர் இருக்கு, புகைல வர்ற கரியை அது புடிச்சு வச்சுக்கும், ரொம்ப சேர்ந்ததும் 600 டிகிரி பக்கம் சூடாக்கி அதுவே எரிச்சுக்கும். அந்த சூடு வர்றதுக்கு வண்டி நிக்காம 60க்கு மேல கால் மணி நேரமாவது ஓடணும். பாலாத்து பாலம் தாண்டி கிரீன் சர்க்கிள்ல ஊர்ந்து போற ஓட்டத்துல அது எங்க நடக்கும்?

எங்க தெருவுல, சத்துவாச்சாரில, ஒரு அக்கா பிஎஸ்6 டீசல் வண்டி செகண்ட் ஹேண்ட்ல வாங்கினாங்க. வேலைக்கு போக வர தான், ஒரு நடை நாலு கிலோமீட்டர் கூட இருக்காது. டேஷ்போர்டுல ஃபில்டர் லைட் எரிஞ்சுக்கிட்டே இருக்குன்னு ஷெட்டுக்கு போனப்போ நானும் கூட போயிருந்தேன். மெக்கானிக் முதல்ல ஆயில் அளவு பாக்குற கம்பியை, டிப்ஸ்டிக்கை தான் உருவினார், ஆயில் மேல் கோட்டையும் தாண்டி நிக்குது, யாரும் ஊத்தவே இல்ல. ரெண்டு விரல்ல தேச்சு பாத்துட்டு மோந்து பாருங்கன்னு நீட்டினார், தண்ணி மாதிரி இருக்கு, நல்லா டீசல் வாசனை. "இன்னாக்கா, வண்டியை ஹைவேல ஏத்துறதே இல்லியா?"ன்னு கேட்டார். விஷயம் என்னன்னா ஃபில்டரை சூடாக்க இன்ஜின் கொஞ்சம் டீசலை கூட அடிக்கும், பாதில வண்டியை ஆஃப் பண்ணிட்டா அந்த டீசல் எரியாம சிலிண்டர் சுவர் வழியா கீழ இறங்கி ஆயில்ல கலந்துடும், அப்படியே ஓட்டுனா டர்போ, பேரிங் எல்லாம் தேஞ்சிடும். ஆயில் மாத்தி, பள்ளிகொண்டா டோல் வரைக்கும் மூணாவது நாலாவது கியர்லயே விரட்டிட்டு வந்த அப்புறம் தான் லைட் அணைஞ்சுது. இப்போ அந்த லைட்டுக்காகவே லீவு நாள்ல ஹைவேக்கு போயிட்டு வர்றாங்க, பாக்கவே கஷ்டமா இருக்கு.

அதே டீசல் என் மச்சானுக்கு அருமையா செட் ஆயிருக்கு. ராணிப்பேட்டைல இருந்து ஆம்பூர், வாணியம்பாடின்னு தோல் கம்பெனிங்களுக்கு கெமிக்கல் ஆர்டர் எடுக்கிற வேலை, மாசம் 3,000 கிலோமீட்டர், முழுக்க ஹைவே. ரெண்டு வருஷத்துல போட்ட காசை எடுத்துட்டான், ஃபில்டர் லைட் எப்படி இருக்கும்னே அவனுக்கு தெரியாது.

ஏலகிரி ஏறும்போது பெட்ரோல் திணறுமான்னு கேட்டிருந்தீங்க. இழுவைல டீசல் தான் ராஜா, பழைய ஸ்விஃப்ட்லயே பாருங்க, பெட்ரோல்ல இழுவை 113 என்எம், அதுவும் இன்ஜின் 4,200 ஆர்பிஎம் சுத்துனா தான், டீசல்ல 190, வெறும் 2,000லயே. அஞ்சு பேர், லக்கேஜ், ஏசின்னு அந்த 14 கொண்டை ஊசி வளைவையும் ஏறுனா 1.2 பெட்ரோல்ல செகண்ட் கியரை விட்டு மேல போறது கஷ்டம் தான், ஆனா ஏறிடும். எப்பவாவது போற மலைக்காக தினம் ஓட்டுற வண்டியை மாத்தாதீங்க. இழுவை கண்டிப்பா வேணும்னா 1.0 டர்போ பெட்ரோல் பாருங்க, மைலேஜ் மட்டும் காலை அமுக்குறதை பொறுத்து தான்.

செகண்ட் ஹேண்ட் பழைய பிஎஸ்4 டீசல் எடுக்கலாமான்னா, பழைய டீசல் ஸ்விஃப்ட், டிசையர்ல வந்த அந்த 1,248 சிசி மல்டிஜெட் இன்ஜின் நல்ல இன்ஜின், வேலூர்ல அதை பிரிக்க தெரியாத ஷெட்டே இல்ல. காலைல இன்ஜின் சில்லுனு இருக்கும்போது போய் நீங்களே ஸ்டார்ட் பண்ணுங்க, ஓடும்போது ஆயில் மூடியை திறந்து பாருங்க, குப்புகுப்புனு புகை அடிச்சா வேணாம்னு வந்துடுங்க. டெல்லி வண்டி சீப்பா வருதுன்னு சொல்வாங்க, அங்க 10 வருஷம் தாண்டுன டீசலை ஓட்ட விடாம இருந்ததால வந்த விலை அது, அந்த ஊர் ஆர்டிஓ கிட்ட என்ஓசி (தடையில்லா சான்று) வாங்கி இங்க ரோடு டாக்ஸ் கட்டி முடிக்கிறதுக்குள்ள அந்த சீப் போயிடும்.

புதுசு எடுக்கறீங்கன்னா ஷோரூம்காரர் கூட்டிட்டு போற காலி ரோட்டுல மட்டும் ஓட்டி பாத்துட்டு வராதீங்க. வீட்டுல நாலு பேரையும் ஏத்திக்கிட்டு சாயங்காலம் காட்பாடி ரயில்வே மேம்பாலத்துல ஏறுங்க, பாதில டிராஃபிக்ல நின்னு ஏசியோட திரும்ப எடுத்து பாருங்க, கிளட்ச் வாசனை வராம எடுத்துச்சுன்னா அந்த பெட்ரோல் வண்டியையே புக் பண்ணிடுங்க.