ஆளுநர் முடக்கினாரா, முடித்து வைத்தாரா?

கேள்வி: போட்டித் தேர்வுக்காக ஆங்கில நாளிதழ் படிக்கிறேன். ஆளுநர் சட்டசபையை ‘புரோரோக்’ (prorogue) செய்தார் என்று வருகிறது. அகராதியில் ‘ஒத்திவை’ என்று போட்டிருக்கிறது. அப்படியானால் ‘அட்ஜர்ன்’ என்பதும் இதுவும் ஒன்றுதானா?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: இல்லை அம்மா. அகராதியை மட்டும் நம்பினால் இங்கே மதிப்பெண் போய்விடும். செய்வது யார் என்று பாருங்கள். சபையை மதிய உணவுக்கோ, மறுநாளைக்கோ, தேதி குறிப்பிடாமலோ தள்ளிவைப்பவர் சபாநாயகர். அது அட்ஜர்ன். கூட்டத்தொடரையே முடித்து வைப்பதுதான் புரோரோக். சட்டசபைக்கு அதை ஆளுநர் செய்கிறார், நாடாளுமன்றத்துக்குக் குடியரசுத் தலைவர். இருவருமே அமைச்சரவையின் ஆலோசனைப்படி. அரசியலமைப்பின் 174, 85 ஆகிய பிரிவுகளைப் படித்துவிடுங்கள், கேள்வி அங்கிருந்துதான் வரும்.

இந்த வித்தியாசத்தை வைத்து வழக்கே நடந்திருக்கிறது. 2023 மார்ச்சில் பஞ்சாப் சட்டசபை தேதி குறிப்பிடாமல் தள்ளிவைக்கப்பட்டது, ஆனால் கூட்டத்தொடர் முடித்து வைக்கப்படவில்லை. ஜூனில் சபாநாயகர் மறுபடி சபையைக் கூட்டினார். அது செல்லாது என்றார் ஆளுநர். தொடர் முடியவில்லையே, கூட்டியது சரிதான் என்று அந்த ஆண்டு நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

நம் செய்திகளில் புரோரோக் செய்வதை ‘முடக்கம்’ என்று எழுதுவது எனக்குப் பிடிப்பதில்லை. ஏதோ சபைக்குப் பூட்டுப் போட்டதுபோலத் தொனிக்கிறது. 2022 பிப்ரவரியில் மேற்கு வங்க ஆளுநர் ஜக்தீப் தன்கர் இதைச் செய்தபோது அப்போது நம் முதல்வராக இருந்த ஸ்டாலினே கண்டித்தார். மாநில அரசு கேட்டுக்கொண்டதால்தான் செய்தேன் என்று தன்கர் பதில் சொன்னார். இலங்கைப் பத்திரிகைகளில் ‘பாராளுமன்றம் ஒத்திவைப்பு’ என்று பார்த்தால் அதுவும் சில நேரம் இதுவாக இருக்கும்.

பிரிட்டனிலும் 2019-ல் இந்தச் சொல் பெரும் ரகளையைக் கிளப்பியது. பிரதமர் போரிஸ் ஜான்சன் சொல்லி, அரசி நாடாளுமன்றத் தொடரை முடித்து வைத்தார். செப்டம்பர் 24 அன்று பிரிட்டன் உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகளும் ஒரே குரலில் அது செல்லாது என்றார்கள். அங்கே தொடர் முடிந்தால் நிலுவை மசோதாக்கள் பொதுவாகக் காலாவதியாகிவிடும். நம் நாட்டில் ஆகாது, 107, 196 ஆகிய பிரிவுகள் காப்பாற்றுகின்றன. இதையும் தேர்வில் கேட்பார்கள்.

புரோரோக் உச்சரிப்பில் அழுத்தம் இரண்டாவது ‘ரோ’வில், ஆங்கிலத்தில் கடைசி எழுத்துகள் (ue) இரண்டும் ஊமை. அப்புறம், அலுவலக மீட்டிங் தள்ளிப்போனால் அதற்கு இந்தச் சொல்லைப் போடாதீர்கள். ‘போஸ்ட்போன்’ போதும்.