2025 விளையாட்டு: மதுரைக்காரர்கள் கேட்டதும் நான் சொன்னதும்

ஆண்டு முடியப்போகிறது. இந்திய விளையாட்டுக்கு 2025 எப்படிப் போனது, கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன் என்றிருந்தேன். வந்த கேள்விகளில் பாதி நம் மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் நடந்த ஜூனியர் உலகக் கோப்பை ஹாக்கியைப் பற்றியவை. மாவட்ட ஹாக்கிப் போட்டிகளில் பல வருஷம் விசில் ஊதியவன் நான், எனக்கு அதில் ரொம்ப சந்தோஷம். மற்றவற்றை முதலில் பார்த்துவிட்டு அங்கே வருகிறேன்.

சார், இந்த வருஷத்தின் பெரிய வெற்றி எது? ஒன்றே ஒன்று சொல்லுங்கள். (கல்லூரி மாணவி, திருமங்கலம்)

நவம்பர் 2, நவி மும்பை. மகளிர் ஒருநாள் கிரிக்கெட் உலகக் கோப்பை. யோசிக்கவே வேண்டியதில்லை.

1978லிருந்து நம் பெண்கள் இந்தக் கோப்பைக்காக ஆடுகிறார்கள். 2005லும் 2017லும் இறுதிப்போட்டி வரை போய்த் தோற்றார்கள். 2017ல் வெறும் 9 ரன்னில். இந்த முறையும் லீக் சுற்றில் தென்னாப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, இங்கிலாந்து என்று வரிசையாக மூன்று தோல்வி. அப்போது டிவியை அணைத்தவர்கள் நிறையப் பேர். அப்புறம்தான் அரையிறுதியில் ஆஸ்திரேலியா வைத்த 339 ரன் இலக்கை எட்டினார்கள். மகளிர் ஒருநாள் போட்டியில் அதுவரை யாரும் அவ்வளவு பெரிய இலக்கைத் துரத்திப் பிடித்ததில்லை. ஜெமிமா 127 அடித்துக் கடைசி வரை நின்றார்.

இறுதிப்போட்டியில் எனக்குப் பிடித்தது ஷஃபாலி வர்மாவின் ஆட்டம். முதலில் அறிவித்த அணியில் அவர் பெயரே இல்லை. பிரதிகா ராவலுக்குக் காயம் பட்டதால் கடைசி நேரத்தில் கூப்பிட்டார்கள். வந்து 87 ரன், பிறகு பந்து வீசி 2 விக்கெட். தீப்தி சர்மா 58 ரன், 5 விக்கெட். நாம் 298, எதிரணி தென்னாப்பிரிக்கா 246. அவர்கள் கேப்டன் வோல்வார்ட் சதம் அடித்து நின்றிருந்தபோது, அமன்ஜோத் கையில் பந்து தட்டித் தட்டிக் கடைசியில் சிக்கியதே, அங்கேதான் ஆட்டம் நம் பக்கம் வந்தது.

இதை 1983 வெற்றியோடு ஒப்பிடுகிறார்கள். எனக்கு இது அதைவிடக் கடினமான வெற்றியாகப் படுகிறது. கபில்தேவ் அணியிடம் யாரும் எதையும் எதிர்பார்க்கவில்லை. ஹர்மன்பிரீத் அணி சொந்த ஊரில், மூன்று தோல்விக்குப் பிறகு, ஜெயித்தே ஆக வேண்டும் என்ற நெருக்கடியில் ஆடியது.

அண்ணே, ஆண்கள் அணி சாம்பியன்ஸ் டிராபி, ஆசியக் கோப்பை இரண்டையும் ஜெயித்ததே, அதைச் சொல்ல மாட்டீர்களா? (செல்லூர்)

ஏன் சொல்லாமல்? மார்ச்சில் துபாயில் நியூசிலாந்தை 4 விக்கெட் வித்தியாசத்தில் வென்றோம், செப்டம்பரில் அதே ஊரில் பாகிஸ்தானை வென்றோம். ஆனால் டெஸ்ட் ஆட்டம் கவலையாக இருக்கிறது. ரோஹித்தும் கோலியும் மே மாதம் டெஸ்டிலிருந்து விலகினார்கள். இங்கிலாந்தில் தொடரை 2-2 என்று சமன் செய்தோம், ஓவலில் சிராஜ் வீச்சில் 6 ரன்னில் வென்றது அருமை. நவம்பரில் தென்னாப்பிரிக்கா வந்து இரண்டு டெஸ்டிலும் நம்மை வீழ்த்தியது. கொல்கத்தாவில் 124 இலக்கைத் துரத்த முடியாமல் 93ல் சுருண்டோம். குவாஹாட்டியில் 408 ரன்னில் தோல்வி. ரன் கணக்கில் இவ்வளவு மோசமாக இந்தியா எந்த டெஸ்டிலும் தோற்றதில்லை. முந்தின ஆண்டு நியூசிலாந்தும் இங்கே வந்து 3-0 என்று வென்றதைச் சேர்த்துப் பாருங்கள். சுழல் பந்தை ஆட நம் பையன்களுக்கே இப்போது தடுமாற்றம். வருஷம் முழுக்க இருபது ஓவர் ஆட்டமே ஆடினால் அப்படித்தான் ஆகும்.

நீரஜ் சோப்ரா முடிந்துவிட்டாரா? (அரசரடி)

இல்லவே இல்லை. மே மாதம் தோகாவில் 90.23 மீட்டர் எறிந்தார், 90ஐத் தாண்டியது அதுதான் முதல்முறை. டோக்கியோ உலகப் போட்டியில் முதுகு வலியோடு ஆடி 84.03 மீட்டரில் எட்டாவது இடம், உண்மைதான். அதே போட்டியில் சச்சின் யாதவ் 86.27 மீட்டர் எறிந்து நான்காவது வந்தார். நீரஜைப் பார்த்து ஈட்டியைக் கையில் எடுத்தவர்கள் இப்போது அவர் பக்கத்திலேயே நின்று எறிகிறார்கள். அவர் செய்த வேலையில் எனக்குப் பெரிதாகத் தெரிவது இதுதான்.

செஸ்ஸில் குகேஷுக்கு இந்த வருஷம் சரியில்லையே? (பள்ளி மாணவன், அண்ணாநகர்)

தம்பி, உலக சாம்பியன் ஆன மறு வருஷம் பலருக்கும் சிரமமாகத்தான் இருக்கும். நார்வேயில் கார்ல்சனை வென்றார், கோவாவில் நடந்த உலகக் கோப்பையில் சீக்கிரமே வெளியேறினார். பிரக்ஞானந்தா வருஷத் தொடக்கத்திலேயே டாடா ஸ்டீல் போட்டியில் டைபிரேக்கில் குகேஷைத் தோற்கடித்துப் பட்டம் வாங்கினார். ஜூலையில் 19 வயது திவ்யா தேஷ்முக், கோனேரு ஹம்பியை வென்று மகளிர் உலகக் கோப்பையைப் பிடித்தார். இறுதியில் இரண்டு பேருமே இந்தியர்கள்!

நீ கவனிக்க வேண்டியது வைஷாலியை. ஆகஸ்டில் சென்னைப் போட்டியில் தொடர்ந்து ஏழு ஆட்டம் தோற்றார். வேறு யாராக இருந்தாலும் கொஞ்ச நாள் போர்டு பக்கமே போயிருக்க மாட்டார்கள். அடுத்த மாதமே சாமர்கண்டில் கிராண்ட் ஸ்விஸ் பட்டத்தை வென்றார், அதுவும் இரண்டாவது முறையாக.

கபடி, கோ-கோவை எல்லாம் பேப்பரில் மூலையில் போடுகிறார்களே ஐயா? (உசிலம்பட்டி)

உங்கள் வருத்தம் நியாயமானது. ஜனவரியில் டெல்லியில் முதல் கோ-கோ உலகக் கோப்பை நடந்தது. ஆண்கள், பெண்கள் இரண்டு அணியும் நேபாளத்தை வென்று கோப்பை வாங்கின. நவம்பரில் டாக்காவில் மகளிர் கபடி உலகக் கோப்பையும் நமக்கே. அதற்கு முந்தைய நாள் கொழும்பில் பார்வையற்ற மகளிருக்கான முதல் இருபது ஓவர் உலகக் கோப்பையை நம் அணி வென்றது. எத்தனை பேர் வீட்டில் அதைப் பேசினார்கள்?

அக்டோபரில் பஹ்ரைன் இளையோர் ஆசியப் போட்டியில் கபடித் தங்கம் வென்ற அணிகளில் கண்ணகி நகர் கார்த்திகாவும் வடுவூர் அபினேஷும் இருந்தார்கள். அரசு ஆளுக்கு 25 லட்சம் ரூபாய் கொடுத்தது. கண்ணகி நகர் என்றாலே முகம் சுளித்தவர்கள் இன்று அந்தப் பெண்ணின் பெயரால் அந்த இடத்தை அறிகிறார்கள். உசிலம்பட்டிப் பக்கம் சாயங்காலம் களத்தில் இறங்கும் பிள்ளைகளுக்கு அவள் ஆட்டத்தைப் போட்டுக் காட்டுங்கள்.

வருஷத்தின் மோசமான நாள்? (சிம்மக்கல்)

ஜூன் 4. பெங்களூரு அணி முதன்முறையாக ஐபிஎல் கோப்பை வென்ற மறுநாள், சின்னசாமி மைதான வாசலில் நெரிசலில் 11 பேர் செத்தார்கள். கோப்பையைப் பார்க்கப் போன பிள்ளைகள். நமக்கு இது தெரியாத விஷயம் இல்லை. 2022 சித்திரைத் திருவிழாவில் அழகர் இறங்கியபோது வைகைக் கூட்டத்தில் இரண்டு உயிர் போனது. கூட்டம் வரும் என்று தெரிந்தும் வழியைத் திட்டமிடாமல் ஜனங்களைக் கூப்பிடுவது குற்றம். அதைக் கொண்டாட்டத்தில் நடந்த விபத்து என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

கால்பந்து? (கோரிப்பாளையம்)

ஆண்கள் அணி வங்கதேசத்திடம் கூடத் தோற்றது, 2027 ஆசியக் கோப்பைக்கும் தகுதி இல்லை. பெண்கள் தாய்லாந்தை அவர்கள் மண்ணிலேயே 2-1 என்று வென்று 2026 ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றார்கள்.

ஜூனியர் ஹாக்கி உலகக் கோப்பையில் வெண்கலம்தான் கிடைத்தது. இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம்? (டவுன்ஹால் ரோடு)

முதலில் ஆட்டத்தைச் சொல்கிறேன். 24 அணிகள், இந்தப் போட்டியில் இதுவரை இல்லாத எண்ணிக்கை. சென்னையும் மதுரையும் சேர்ந்து நடத்தின. டிசம்பர் 2ல் நம் ரேஸ்கோர்ஸில் சுவிட்சர்லாந்தை 5-0 என்று அடித்தார்கள். காலிறுதியில் பெல்ஜியத்தோடு 2-2, ஷூட் அவுட்டில் கோல்கீப்பர் பிரின்ஸ்தீப் காப்பாற்றினார். அரையிறுதியில் ஜெர்மனி 5-1 என்று நசுக்கியது. வேகத்தில் நாம் அவர்கள் கிட்டவே வரவில்லை, அதை ஒத்துக்கொள்ள வேண்டும். மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் அர்ஜென்டினாவிடம் 0-2 என்று பின்தங்கி, கடைசிப் பத்துப் பதினோரு நிமிஷத்தில் நாலு கோல் போட்டு ஜெயித்தார்கள். பயிற்சியாளர் ஸ்ரீஜேஷ். 2016ல் லக்னோவில் கோப்பை வென்ற பிறகு இந்தப் போட்டியில் நமக்குக் கிடைத்த முதல் பதக்கம் இதுதான். கோப்பையை ஜெர்மனி எடுத்துக்கொண்டது.

பதக்கத்தை விட்டுவிடுங்கள். மதுரைக்கு இது வேறு கணக்கு. சர்வதேசத் தரத்தில் ஒரு ஹாக்கி டர்ஃப், அதாவது செயற்கைப் புல்தரை, நம் ஊருக்கு வந்திருக்கிறது. நம் பள்ளிப் பிள்ளைகள் செம்மண் தரையில் பந்து எகிறி எகிறி ஓட ஆடிப் பழகுகிறார்கள். டர்ஃபில் பந்து வழுக்கிக்கொண்டு வரும், தடுத்து நிறுத்துவதே வேறு வித்தை. மண்ணில் நன்றாக ஆடும் பையன் மாநிலத் தேர்வுக்குப் போய் முதல் பத்து நிமிஷத்திலேயே திணறிவிடுவான். திறமை இல்லாததால் இல்லை, அந்தத் தரை காலுக்குப் பழகாததால். அந்தக் குறை இனி இருக்கக் கூடாது.

அப்படியென்றால் அந்த டர்ஃப் இனி யாருக்கு? பூட்டி வைத்துவிட மாட்டார்களா? (தல்லாகுளம்)

இதுதான் எனக்கும் முக்கியமான கேள்வி. டர்ஃப் தண்ணீர் தெளித்து ஆட வேண்டிய தரை. தண்ணீரும் பராமரிப்பும் நின்றால் சில வருஷத்திலேயே பாழாகும். பெரிய போட்டிக்கு மட்டும் திறந்தால் ஊருக்கு ஒரு பலனும் இல்லை. காலையும் மாலையும் மாநகராட்சிப் பள்ளி, கிராமத்துப் பள்ளி அணிகளுக்கு முறை வைத்துக் கொடுக்க வேண்டும் என்று நாம்தான் கேட்க வேண்டும். டிக்கெட் இலவசம் என்றதும் வந்து கைதட்டிய கூட்டம் இதற்கும் வர வேண்டும்.

என் மகள் எட்டாவது படிக்கிறாள், போட்டியைப் பார்த்துவிட்டு ஹாக்கி ஆட வேண்டும் என்கிறாள். படிப்பு கெடுமோ என்று பயம். (ஒரு அம்மா, வாடிப்பட்டி)

அம்மா, தாராளமாக அனுப்புங்கள். எட்டாம் வகுப்பு நல்ல வயசு. முதலில் பள்ளி உடற்கல்வி ஆசிரியரிடம் பேசுங்கள். அங்கே ஹாக்கி இல்லையென்றால் ரேஸ்கோர்ஸில் உள்ள மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் பயிற்சி நேரமும் விளையாட்டு விடுதித் தேர்வு எப்போது என்றும் கேளுங்கள். விடுதியில் இடம் கிடைத்தால் தங்குவதும் சாப்பாடும் பயிற்சியும் அரசு செலவு, பக்கத்துப் பள்ளியில் படிக்கலாம். முதலமைச்சர் கோப்பையில் பள்ளிப் பிரிவும் உண்டு. எந்தப் போட்டியில் ஆடினாலும் சான்றிதழைப் பத்திரமாக வையுங்கள். கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டுக்கும், அரசு வேலையில் உள்ள 3 சதவீத ஒதுக்கீட்டுக்கும் பயன்படும். ஆரம்பத்தில் விலை உயர்ந்த மட்டை வேண்டாம், சாதாரணமானது போதும். ஆனால் காலுக்குக் கட்டும் ஷின் கார்டும் பல் பாதுகாப்புக் கவசமும் முதல் நாளே வாங்கிவிடுங்கள்.